உட்கார்ந்திருந்தால் 98

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் மாடியில், பந்தி கீழே. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா படிக்கட்டின் அடியில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு முறை மேலே பார்த்தாள். "நீ போ தம்பி, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பந்திக் கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தாலி கட்டி முடிந்து எல்லோரும் இறங்கி வந்தபோது பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டார். "ஏன்டி, மேல வரவே இல்லையா? அந்த மூச்சு வாங்குறது இன்னுமா இருக்கு? அதான் நாலு வருஷம் ஆச்சே!" அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு பெரியம்மா. இன்னைக்கு லேசா கால் வலி, அவ்வளவுதான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டோம், காரில் திருச்சி திரும்பினோம். வழியெல்லாம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். ஆனால் நான் சொன்ன அந்தப் பதில் இன்றுவரை எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் உடம்பைப் பற்றி அவளிடம் கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் சொன்னேன்? அதுவும் பொய்யாக? அவளுக்குச் சரியாகவில்லை என்பது அவளுக்கு அடுத்தபடியாக நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான்.

வீடு திரும்பியோர்

2021 மே மாதத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கோவிட் தொற்று பதிவான வாரத்தில் அக்காவுக்குக் கட்டில் கிடைத்தது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துப் போடும் சிடி ஸ்கோர் 25-க்கு 16. மொத்தம் 19 நாள். அதில் 11 நாள், கீழே பை தொங்குமே, அந்த ஆக்சிஜன் மாஸ்க். குப்புறப் படுக்கச் சொன்னார்கள், படுத்தாள். வென்டிலேட்டர் வரை போகவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாயங்காலம் டிவியில் வழக்கம்போல அன்றைய கணக்கு ஓடியது. "குணமடைந்து வீடு திரும்பியோர்" என்று ஒரு பெரிய எண் வந்ததும் என் மகள் கைதட்டி, "இதுல ஒண்ணு அத்தை!" என்றாள். எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த வரியில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீடு திரும்பினாள், அது உண்மை. அதற்கு முந்தைய சொல்லை நாங்கள் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.

முதல் மூன்று மாதம் யாருக்கும் சந்தேகம் வராத மாதங்கள். உடம்பு தேற நாள் ஆகும்தானே என்று இருந்தோம். மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியை ஒரு நாளைக்குப் பத்து முறை உறிஞ்சுவாள். முதல் பந்து எழும், இரண்டாவது பாதியில் ஆடும், மூன்றாவது அசையவே அசையாது. உயிரைக் காப்பாற்றிய ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிட்டிருந்தது. அது இரண்டு மாதத்தில் இறங்கியது. மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பெரிய காய்ச்சல் வந்தால் முடி ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும், திரும்ப முளைக்கும் என்றார்கள். அப்படியே முளைத்தது.

மற்றது எதுவும் அப்படி முடியவில்லை. அக்கா தமிழாசிரியை. செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரமே ஒரு நாள் எனக்கு போன் செய்தாள். "தம்பி, ஒரு வெண்பாவைச் சேர்ந்தாப்ல படிக்க முடியலடா. ரெண்டு சீருக்கு ஒருதரம் மூச்சு வாங்குது. பிள்ளைங்களுக்கு ஓசையே போய்ச் சேர மாட்டேங்குது." இருபது வருஷமாக நாலடியையும் ஒரே இழுப்பில் சொல்லிக் கேட்க வைத்தவள். கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது அவளால் முடியவில்லை. ஒன்று எழுத வேண்டும், அல்லது பேச வேண்டும். வகுப்பில் பிள்ளைகளின் பெயர் வாயில் வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்பாள்.

டாக்டரிடம் போனோம். ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98. "எல்லாமே நார்மலா இருக்கும்மா. ஆஸ்பத்திரியில பார்த்ததெல்லாம் மனசுல பயமா தங்கியிருக்கு. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காம நல்லா நடங்க" என்றார். அக்கா தலையாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நான் அந்த டாக்டரை நம்பினேன், என் அக்காவை நம்பவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போய் நடக்கக் கூட்டிப்போனேன். தெருவில் கரண்டுக் கம்பத்தை எண்ணிக்கொண்டு நடப்போம். அவள் நின்றால், "அடுத்த கம்பம் வரைக்கும்தான்கா, வா" என்பேன். அங்கே போனதும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு". வீட்டில் மாமாவும் அம்மாவும் என்னைப் பார்த்து, "நீயாவது அவளைக் கிளப்புறியே" என்று சந்தோஷப்பட்டார்கள். படுத்தால் படுத்துக்கொண்டேதான் இருக்கத் தோன்றும், எழுந்து நாலு வேலை செய்தால் தானாகச் சரியாகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா அப்படித்தான் மூன்று பிரசவத்திலிருந்தும் டைபாய்டிலிருந்தும் எழுந்தார். அந்தச் சட்டத்தில் குற்றம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நின்றாலும் கடிகாரம் நிற்காது

டிசம்பரில் வேறொரு ஊரில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அக்காதான் பிடிவாதமாக நாள் வாங்கியிருந்தாள். அவர் பழைய ரிப்போர்ட் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் உங்களை உட்கார வைச்சு, படுக்க வைச்சு எடுத்தது. உங்களுக்குக் கஷ்டம் எப்ப வருது?" அக்கா, "நடந்தா" என்றாள். "அப்போ நடக்க வைச்சுத்தானே பார்க்கணும்?" என்று பிசியோதெரபிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

நீளமான ஒரு வராந்தா. 30 மீட்டருக்கு இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, பக்கத்தில் ஒரு நாற்காலி. விரலில் ஆக்சிமீட்டர். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மெதுவாக, மனப்பாடம் மாதிரி சொன்னாள்: "ஆறு நிமிஷம் நடக்கணும்மா. உங்களால முடிஞ்ச வேகத்துல. முடியலேன்னா நிக்கலாம், சாஞ்சுக்கலாம். ஆனா நீங்க நின்னாலும் கடிகாரம் நிக்காது." என்னைப் பார்த்து, "சார், நீங்க ஒண்ணும் பேசக்கூடாது" என்றாள். அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அதுவரை மூன்று மாதமாக அவள் நடக்கும்போதெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நிமிஷம் சாதாரணமாக நடந்தாள். புடவைக் கொசுவத்தை இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளி வராந்தாவில் நடக்கிற அதே நடை. ஒவ்வொரு முறை கூம்பைச் சுற்றும்போதும் அந்தப் பெண் அட்டையில் ஒரு கோடு போட்டாள். மூன்றாவது நிமிஷம் திரையில் 92. பேசாமல் இருப்பதால் எனக்கு அவள் மூச்சு கேட்டது. நாலாவது நிமிஷத்தில் நடு வராந்தாவில் நின்றாள். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றினாள். உதட்டில் நிறமே இல்லை. 88. என் நாக்கு நுனியில் "அடுத்த கூம்பு வரைக்கும்தான்கா" என்ற வார்த்தை வந்து நின்றது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு தானாக மறுபடி நடக்க ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கிளப்பவில்லை. ஆறு நிமிஷம் முடிந்தபோது ஒன்பதரைச் சுற்று, 285 மீட்டர். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் 500-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் ஆக்சிமீட்டர் பழையபடி 97, 98.

அக்கா அந்த அட்டையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "இப்ப தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்டாளா, அந்த அட்டையிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுற்றி முடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சிவப்பணு அங்கே தங்குவது ஏறக்குறைய முக்கால் விநாடி. நல்ல நுரையீரலில் அந்த நேரத்தின் மூன்றில் ஒரு பங்கிலேயே ஆக்சிஜன் ஏறிவிடும். மீதி நேரம் கையிருப்பு. நடந்தால் இதயம் ரத்தத்தை வேகமாகத் தள்ளுகிறது, தங்கும் நேரம் குறைகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் புண்ணாகித் தடித்துப் போயிருந்தால் ஆக்சிஜன் ஏற அதிக நேரம் வேண்டும். டவுன் பஸ் மாதிரிதான். வாசல் குறுகலாக இருந்தாலும் பஸ் நின்று நிதானமாகக் கிளம்பினால் எல்லோரும் ஏறிவிடுவார்கள். லேசாக வேகம் குறைத்துவிட்டுப் போனால் பாதிப் பேர் ஸ்டாப்பிலேயே நிற்பார்கள். அக்கா உட்கார்ந்திருக்கும்போது அவள் பஸ் நின்றது. எல்லா டாக்டர்களும் நின்ற பஸ்ஸைத்தான் எண்ணினார்கள்.

அடுத்த நாள் இன்னொரு சோதனை. துளியளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை உள்ளிழுத்து, பத்து விநாடி மூச்சைப் பிடித்து, வெளியே விட வேண்டும். எவ்வளவு திரும்பி வரவில்லையோ அவ்வளவு ரத்தத்துக்குள் போயிருக்கிறது என்று கணக்கு. அதில்தான் அவளுடைய குறை எண்ணாகத் தெரிந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 207 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். கோவிட்டிலிருந்து மீண்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு இந்த வாயுப் பரிமாற்றம் குறைந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்தது ஆறுதல் என்று சொல்ல முடியாது. எத்தனை வீடுகளில் என்னைப் போல ஒருவன் அடுத்த கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்திருப்பான் என்றுதான் தோன்றியது.

பெயர்

அதற்குப் பிறகு ராத்திரிகளில் நான் படித்ததற்கு அளவில்லை. சீனாவின் வூஹானில் ஒரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 1,733 பேரை ஆறு மாதம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு மிச்சம் இருந்தது. அசதியும் தசைப் பலவீனமும்தான் முதலிடம், பாதிப் பேருக்கு மேல். இரண்டு வருஷம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒன்று இருந்தது. பிரிட்டனில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களிடம் "முழுசாகக் குணமாகிவிட்டதாக நினைக்கிறீர்களா?" என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் சுமார் 29 சதவீதம். ஒரு வருஷம் ஆகியும் அந்த எண் பெரிதாக மாறவில்லை. பெண்கள் தேறுவது ஆண்களை விடக் குறைவாக இருந்தது என்றும் அதில் இருக்கிறது. காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் தேடட்டும். எங்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினைந்தாம் நாள் அக்கா அடுப்படியில் நின்றாள். அதே நோயில் ஒரு வாரம் படுத்த மாமா இரண்டு மாதம் சோபாவில் இருந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, எனக்கும்தான்.

இதெல்லாம் கோவிட்டோடு புதிதாக வந்ததும் இல்லை. 2003-லேயே கனடாவின் டொரன்டோவில், நுரையீரல் பழுதாகி ஐசியூவில் கிடந்து மீண்ட 109 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவர்கள் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டிருந்தது. ஆனால் இதே ஆறு நிமிஷ நடையில் அவர்கள் நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடக்க முடிந்தது, தசை கரைந்துபோயிருந்தது. அமெரிக்காவில் கோவிட்டுக்கும் ஃப்ளூவுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பதினெட்டு மாதம் ஒப்பிட்டு 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. கோவிட் விட்டுப்போன சேதம் அதிகம்தான், ஆனால் ஃப்ளூவும் சும்மா போகவில்லை, குறிப்பாக நுரையீரலில். எங்கள் தெருவில் 2009 பன்றிக் காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரி வரை போய் வந்த ஒருவரைப் பற்றி, "அதுக்கப்புறம் அவர் பழைய ஆளா இல்லை" என்று சொல்வார்கள். ஊருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

தொற்று போன பிறகும் மாதக் கணக்கில் விடாத இந்தத் தொந்தரவுகளுக்கு "லாங் கோவிட்" என்ற பெயரை 2020 மே மாதம் முதலில் ட்விட்டரில் எழுதியவர் எலிசா பெரேகோ என்ற தொல்லியல் ஆய்வாளர். அவரே நோயாளி. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு வரையறை சொன்னது 2021 அக்டோபரில்தான். அக்கா "பயம்" என்ற வார்த்தையோடு வீடு வந்தது செப்டம்பரில். ஒரு மாத இடைவெளி. பெயர் தெரிந்திருந்தால் அந்த மாதங்கள் மாறியிருக்குமா என்று அடிக்கடி யோசிக்கிறேன். பெயர் உள்ள நோய்க்குத்தான் நம் வீடுகளில் படுக்க இடம் கிடைக்கிறது. சர்க்கரை என்றால் இனிப்பைத் தள்ளி வைப்பார்கள், பிரஷர் என்றால் உப்பைக் குறைப்பார்கள். "அசதியா இருக்கு" என்றால் காபி போட்டுத் தருவார்கள், அப்புறம் பாத்திரம் கிடக்கிறது என்பார்கள்.

காலண்டர் தாள்கள்

2022 நடுவில் நுரையீரல் ஓரளவு தேறியது. மறுபடி அதே வராந்தாவில் நடந்தாள். 420 மீட்டர், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கவில்லை. நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த வாரமே அவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, எந்த எண்ணும் தப்பாக இல்லை. ஆனால் பல் தேய்க்க எழுந்தால் உடம்பு நடுங்கியது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அன்றைக்குத்தான் அவள் அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். தினம் கிழிக்கிற காலண்டர் தாள்கள். முன்பக்கம் நல்ல நேரம், ராசிபலன். பின்பக்கம் அவள் கையெழுத்து. மாத்திரை போட்டோமா என்றே மறந்துபோனதால் முந்தின வருஷம் அக்டோபரிலிருந்து குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாத்தியார் இல்லையா, ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வேறு.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். "பள்ளி. ஐந்து வகுப்பு. 6." அடுத்த நாள் "6." அதற்கடுத்த நாள் "3. எழவில்லை." கல்யாணம், தேர்வு அறை மேற்பார்வை, விருந்தாளி, எது நடந்தாலும் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. விழுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அதனால்தான் எங்கள் யாருக்கும் தொடர்பு தெரியவில்லை. "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று நாங்கள் கேட்டது எல்லாம் உண்மையும்கூட. நவம்பர் தாள் ஒன்றில் இப்படி இருந்தது: "தம்பி வந்தான். ஏழு கம்பம். சந்தோஷப்பட்டான். 7." இரண்டு தாள் தள்ளி: "2. உட்கார்ந்து பல் தேய்த்தேன். தம்பியிடம் சொல்லவில்லை."

அந்தக் கட்டில் இப்படி ஒன்பது இடத்தில் இருந்தது. எண்ணினேன்.

உழைத்த பிறகு ஒரு நாள் இரண்டு நாள் கழித்து விழுகிற இந்த வழக்கத்தை மருத்துவம் வெகுகாலமாக அறிந்தே இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் நாட்பட்ட களைப்பு நோயில் இதுதான் மைய அடையாளம். அந்த நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் முறையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2021 அக்டோபரில் கைவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் லாங் கோவிட் உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையைத் துளி எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு தசையில் சேதம் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அளவுக்கு ஆகவில்லை. நடக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த விழுகை இல்லாதவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் நடையும் நிஜமாகவே உதவுகின்றன, அக்காவின் நுரையீரலுக்கே உதவியது. மூன்றாம் நாள் என்ன ஆனது என்று கேட்காமல் யாரையும் நடக்கச் சொல்லக்கூடாது என்கிறேன்.

இப்போது அவள் தன் கணக்கிலேயே வாழ்கிறாள். "மாசக் கடைசிச் சம்பளம் மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவு பண்றேன்" என்பாள். ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு, மூன்றுமே உட்கார்ந்து. சமையலை மாமா பழகிக்கொண்டார், ரசம் நன்றாகவே வைக்கிறார். வெண்பாவை இப்போது இரண்டு மூச்சில் படிக்கிறாள். தனிச்சொல்லில் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொள்கிறாள், அங்கே நிறுத்தினால் ஓசை கெடாது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். தாள் கட்டு நாலாவது வருஷத்தைத் தாண்டிவிட்டது. 8 வருகிற நாளும் உண்டு.

கல்யாணத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். விழித்துத்தான் இருந்தாள். தாளில் 5. படி ஏறியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். "அன்னைக்கு நான் ஏன்கா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டேன். "உனக்குச் சரியாகணும்னு ஆசை. அதைச் சொன்னே" என்றாள்.

அன்று ராத்திரி பெரியம்மாவுக்கு போன் செய்தேன். "கல்யாணத்துல தப்பாச் சொல்லிட்டேன் பெரியம்மா. அவளுக்கு இன்னும் சரியாகலை. மாடி ஏறினா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுப் படுத்துருவா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கஷாயம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை படி வரைக்கும் ஏறுவா?" என்று கேட்டார்.

இந்த நாலு வருஷத்தில் எங்கள் சொந்தத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. "எட்டு ஏறுவா பெரியம்மா. அங்க உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்தா இன்னொரு எட்டு."

"தை மாசம் நம்ம வீட்டு கிரகப்பிரவேசம். பதினாலு படி" என்றார். "நடுவுல திரும்புற இடத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றேன்."